பன்னா மரியா: டெக்சஸில் வேர்விட்ட ஒரு போலந்து ஊர்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி, பன்னா மரியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆனால் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் போலந்து வம்சாவளியினருக்கு அது ஆதி ஊர். 1854இல் உருவான இந்த ஊர்தான் அந்த நாட்டில் போலந்துக்காரர்கள் நிலையாகக் குடியேறி வாழ்ந்த மிகப் பழைய இடம். ஊர்ப்பெயர் கன்னி மரியாவைக் குறிக்கிறது.

'புலம்பெயர் சமூகம்', 'பண்பாட்டு மறுமலர்ச்சி' என்ற சொற்களை அடிக்கடி படிக்கிறோம். வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதன் கதையைத் தொடர்ந்து போனால் இரண்டும் நன்றாகப் பிடிபடும். அதற்குப் பன்னா மரியா மிகவும் பொருத்தமான ஊர்.

போலோனியா என்றால் யார்?

போலந்துக்கு வெளியே வாழும் போலந்துக்காரர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் சேர்த்துப் போலோனியா என்பார்கள். உலகம் முழுக்க ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கிட்டத்தட்ட அதில் பாதி அமெரிக்காவில்.

இத்தனை பேர் ஏன் வெளியேறினார்கள்? 1772, 1793, 1795 என்று மூன்று தடவையாக ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. அதன்பிறகு 1918 வரை, 123 வருடம், உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே கிடையாது. ரஷ்யாவை எதிர்த்து 1830லும் 1863லும் கிளர்ந்து தோற்றவர்களில் பலர் பாரிஸ் போன்ற நகரங்களுக்குத் தப்பினார்கள். 1870களிலிருந்து முதல் உலகப் போர் வரை ஏழை விவசாயிகள் லட்சக்கணக்கில் சிகாகோ, டெட்ராய்ட் தொழிற்சாலைகளுக்கும், பென்சில்வேனியா சுரங்கங்களுக்கும், பிரேசிலின் பரானா மாநிலத்துக்கும் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்துக்கு நாடுகடத்தப்பட்டு, பிறகு ஈரான் வழியாக வெளியே வந்தவர்களில் சில ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஜாம்நகர் மகாராஜா பாலாசடியில் அநாதைக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். கோலாப்பூர் அருகே வலிவடே முகாமில் சுமார் 5,000 பேர் 1948 வரை இருந்தார்கள். 1980களில் கம்யூனிச அரசின் ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓர் அலை. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வேலை தேடி இன்னோர் அலை.

பன்னா மரியாவுக்குப் போனவர்கள் இந்தப் பெரிய அலைகளுக்கெல்லாம் முந்தியவர்கள். 'போலந்திலிருந்து போனவர்கள்' என்று அவர்களை எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. இந்தக் கதையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

சொந்த ஊர் எந்த நாட்டில்?

அவர்கள் வந்தது, இன்று போலந்தில் இருக்கும் மேல் சிலேசியா என்ற பகுதியிலிருந்து, குறிப்பாக ப்ளுஷ்னிட்சா என்ற கிராமத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும். சிலேசியா 14ஆம் நூற்றாண்டிலேயே போலந்து அரசர்களின் கையைவிட்டுப் போன பகுதி. பொஹீமியா, ஹாப்ஸ்பர்க் அரசர்கள் என்று கைமாறி, 1740களில் பிரஷ்யாவிடம் வந்து சேர்ந்தது. போலந்தைப் பங்குபோட்டதற்கு முன்பே இங்கே போலந்து ஆட்சி முடிந்து நானூறு வருடம் ஆகியிருந்தது.

ஆனால் கிராமத்து மக்கள் பேசியது போலிஷ் மொழியின் உறவான சிலேசியப் பேச்சு. கும்பிட்டது கத்தோலிக்க சாமி. ஆண்ட பிரஷ்ய அரசோ ஜெர்மன் பேசும் புராட்டஸ்டன்ட் அரசு. 'நாங்கள் போலந்து தேசத்தவர்' என்ற எண்ணம் 1854இல் அந்த விவசாயிகளிடம் எவ்வளவு இருந்திருக்கும்? பெரிதாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்த அடையாளங்கள் ஊர், பங்குக் கோயில், வீட்டுப் பேச்சு. நாடு அந்தப் பட்டியலில் பிற்பாடுதான் சேர்ந்தது.

ஊரைவிட்டுக் கிளம்பக் காரணங்கள் ஒன்றல்ல, பல. உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்திருந்தது. 1854இல் ஓடர் ஆற்றில் பெருவெள்ளம். கிரிமியப் போரால் ரஷ்யத் தானியம் வருவது தடைப்பட்டு விலைவாசி ஏறியது. கொள்ளைநோய்கள், கட்டாய ராணுவ சேவை வேறு. பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு சிலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்றால் கப்பல் கட்டணம் தேறும். பரம ஏழைகளால் கிளம்பியிருக்க முடியாது. விற்க ஏதோ ஒன்று வைத்திருந்தவர்கள்தான் கிளம்பினார்கள்.

போவது எங்கே என்று முடிவுசெய்தவை கடிதங்கள். 1824இல் ப்ளுஷ்னிட்சாவில் பிறந்த லியோபோல்ட் மொச்சிகெம்பா என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி, டெக்சஸில் குடியேறியிருந்த ஜெர்மன் கத்தோலிக்கர்களுக்கு ஊழியம் செய்ய 1852இல் அங்கே போயிருந்தார். நிலம் பரந்து கிடக்கிறது, வாருங்கள் என்று அவர் வீட்டுக்கு எழுதினார். அவருடைய உடன்பிறந்த சகோதரர்களே அந்த அழைப்பை ஏற்று வந்தார்கள்.

முதல் வருடங்கள்

ஜெர்மனியின் பிரெமென் துறைமுகத்திலிருந்து கிளம்பிய வேசர் என்ற கப்பல் 1854 டிசம்பர் 3ஆம் தேதி டெக்சஸின் கால்வெஸ்டன் கரையைத் தொட்டது. அங்கிருந்து இண்டியானோலா துறைமுகம். பிறகு மாட்டு வண்டிகளில் ஏர்க் கலப்பை, இறகு மெத்தை, சிலுவை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் நடந்தே உள்நாட்டுக்குள் போனார்கள். டிசம்பர் 21 வாக்கில் சான் அன்டோனியோவில் மொச்சிகெம்பா அவர்களைச் சந்தித்து, சான் அன்டோனியோ ஆறும் சிபோலோ ஓடையும் கூடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஓர் ஓக் மரத்தின் கீழே முதல் திருப்பலி. ஊர் பிறந்த நாள் என்று இன்றைக்கும் அவர்கள் கொண்டாடுவது அந்த நாளைத்தான்.

அங்கே வீடு, கொட்டகை எதுவும் இல்லை. ஆள் உயரப் புல். சில அடி நடந்தாலே பக்கத்தில் இருந்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார் என்று பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். புல்லுக்குள் சலங்கைப் பாம்புகள். தரையில் குழி வெட்டிக் கூரை போட்டுத்தான் பலர் முதலில் குடியிருந்தார்கள். நிலத்தை ஜான் ட்வோஹிக் என்ற சான் அன்டோனியோ வியாபாரியிடமிருந்து வாங்கினார்கள். சுற்றுவட்டார விலையைவிட அது மிக அதிகம். 1856இல் ஆரம்பித்த வறட்சி ஒரு வருடத்துக்கும் மேல் நீடித்தது. பயிர் கருகியது, ஓடை வற்றியது. கடிதம் எழுதி வரவழைத்தவர் மேல் கோபம் திரும்பியது. அவரைத் தூக்கில் போடுவோம் என்றுகூட மிரட்டினார்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1856இல் மொச்சிகெம்பா ஊரைவிட்டே போய்விட்டார்.

அவருடைய பிற்கால வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். வடக்கே போன அவர், போலந்துக் குடியேறிகளுக்கென்று பாதிரியார்களை உருவாக்கும் குருமடம் ஒன்று அமெரிக்காவில் வேண்டும் என்று போப்பிடமே அனுமதி வாங்கினார். அது 1885இல் டெட்ராய்டில் தொடங்கியது. 1891இல் அங்கேயே இறந்தார். இந்தக் கதையில் அவர் இன்னொரு முறை வருவார்.

மற்ற துயரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு சட்டம் ஒழுங்கு குலைந்த நாட்களில், அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் குதிரையில் ஊருக்குள் புகுந்து துப்பாக்கியால் சுட்டு மிரட்டினார்கள். 1866இல் வந்த அடோல்ஃப் பகனோவ்ஸ்கி என்ற பங்குச் சாமியார் அதை எதிர்த்து நின்றார். 1868இல் அவர் தொடங்கிய புனித சூசையப்பர் பள்ளி, அமெரிக்காவின் முதல் போலந்துப் பள்ளி என்று கருதப்படுகிறது. 1856இல் கட்டி முடித்த கோயில் 1875இல் இடி விழுந்து பாழானது. இப்போதுள்ள கோயில் 1878 வாக்கில் எழுந்தது. ஊர் பெருகப் பெருக, பண்டேரா, செயின்ட் ஹெட்விக், செஸ்டகோவா, கோஸ்சியூஸ்கோ என்று கிளை ஊர்கள் முளைத்தன. கடைசி இரண்டும் போலந்தின் புகழ்பெற்ற மாதா திருத்தலத்தின் பெயரும் விடுதலைப் போராட்ட வீரரின் பெயரும்.

தானாக நிலைத்த பண்பாடு

இப்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பண்பாடு தானாக நிலைத்திருப்பது ஒன்று. அது தேய்ந்துபோனபின் மக்கள் தெரிந்தே மறுபடி கையில் எடுப்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் மறுமலர்ச்சி என்கிறோம்.

பன்னா மரியாவில் ஏறக்குறைய நூறு வருடம் முதல் வகைதான் நடந்தது. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் சங்கம் வைக்கவில்லை. எல்லோருக்கும் விவசாயம். நிலம் இருந்ததால் வெளியே போக வேண்டியதில்லை. கல்யாணமும் பெரும்பாலும் அதே வட்டாரக் குடும்பங்களுக்குள்ளேதான். 1880களில் வந்த ரயில் பாதையும் ஊரைத் தொடாமல் விலகிப் போய்விட்டது. பாவசங்கீர்த்தனம், பிரசங்கம், பாட்டு எல்லாம் போலிஷில். கிறிஸ்துமஸ் இரவில் மெல்லிய அப்பத்தை உடைத்து ஒருவருக்கொருவர் பகிர்ந்து உண்பது, போலிஷ் கிறிஸ்துமஸ் பாட்டுகள் எல்லாம் இருந்தன. பனி அரிதாகவே விழும் தெற்கு டெக்சஸில், பனி வழுக்கி விழுவதற்கான சிலேசியச் செங்குத்துக் கூரையோடு கல் வீடுகள் கட்டினார்கள். தெரிந்த வீடு அதுதான், அதையே கட்டினார்கள்.

பேச்சில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. அவர்கள் கிளம்பிய பிறகு, 1870களில் பிரஷ்ய அரசு சிலேசியப் பள்ளிகளில் ஜெர்மனைக் கட்டாயமாக்கியது. தாயகத்து சிலேசியப் பேச்சில் ஜெர்மன் சொற்கள் மேலும் மேலும் நுழைந்தன. டெக்சஸில் அந்த நெருக்கடி கிடையாது. ஆகவே விமானம் போன்ற புதிய பொருள்களுக்கு அவர்கள் தங்கள் பழைய வேர்களிலிருந்தே பெயர் உண்டாக்கினார்கள். சலங்கைப் பாம்புக்கும் அதன் சத்தத்தை வைத்து ஒரு பெயர். ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலந்தன என்பதும் உண்மை. ஆனால் சிலேசியாவில் மறைந்துபோன சில பழைய வழக்குகள் இங்கே வாழ்ந்தன. புலம்பெயர்ந்தவர் பேச்சு என்றாலே அது சிதைந்த பேச்சு என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இது நல்ல சாட்சி.

இது குலைந்தது எப்போது? முதல் உலகப் போர் சமயத்தில் ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. 1918இல் டெக்சஸ் அரசு பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதையே குற்றமாக்கியது. பிறகு சாலைகள் வந்தன, வானொலி வந்தது, இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போனார்கள். திரும்பியவர்கள் நகரங்களில் வேலை தேடினார்கள். வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுவது அவர்கள் நன்மைக்குத்தான் என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் உலகத்துக்குள் பிள்ளைகளை அனுப்ப வேண்டியிருந்தது அவர்களுக்கு.

பேரப்பிள்ளைகளின் காலம்

மகன் மறக்க நினைப்பதைப் பேரன் நினைவில் மீட்க விரும்புவான் என்று 1937இல் ஓர் அமெரிக்க வரலாற்றாசிரியர், மார்கஸ் ஹான்சன், சொன்னார். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஏற்றுக்கொள்ளப்படுவதே பெரும்பாடு. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை, அதனால் வேரைத் தேட அவர்களுக்குத் துணிச்சல் வருகிறது என்பது அதன் சாரம். எல்லாச் சமூகத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. பன்னா மரியாவில் தலைமுறைக் கணக்கு இன்னும் நீள்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

1966இல் போலந்து கிறிஸ்தவம் தழுவிய ஆயிரமாவது ஆண்டு. அதையொட்டி டெக்சஸ்காரரான அதிபர் லிண்டன் ஜான்சன், செஸ்டகோவா மாதாவின் மொசைக் படம் ஒன்றைப் பன்னா மரியாக் கோயிலுக்குப் பரிசளித்தார். அதே காலத்தில் அமெரிக்கா முழுக்கச் சிறுபான்மைச் சமூகங்கள் தங்கள் பூர்வீகத்தைப் பெருமையோடு பேசத் தொடங்கியிருந்தன. 1970களில் போலந்தில் ஆன்ட்ஷெய் ப்ரோஷெக், டெக்சஸில் லிண்ட்சே பேக்கர் என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் இந்த ஊர்களின் கதையைப் பழைய ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்தார்கள். வீட்டுத் திண்ணைக் கதையாக இருந்தது எழுதப்பட்ட வரலாறாக மாறியது. எந்த மறுமலர்ச்சிக்கும் இப்படி ஆவணம் தேடும் ஆட்கள் தேவை. விழாக்களை நினைவு வைத்திருக்கும் நாம் இவர்களை மறந்துவிடுகிறோம்.

1974இல் மொச்சிகெம்பாவின் உடலெச்சத்தை டெட்ராய்டிலிருந்து கொண்டுவந்து, முதல் திருப்பலி நடந்ததாகச் சொல்லப்படும் ஓக் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். எவருடைய முன்னோர் அவரை மிரட்டி விரட்டினார்களோ, அவர்களே 118 வருடம் கழித்துத் தங்கள் தந்தை என்று அழைத்துவந்தார்கள். மறுமலர்ச்சி பழையதை எப்படித் திருத்தி எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தக் கதையில் இல்லை. முன்னோர் கண்ணில் அவர் பஞ்சத்துக்குள் இழுத்துவிட்டவர். பேரப்பிள்ளைகள் கண்ணில் ஊரைத் தந்தவர். இரண்டு பார்வையிலும் நியாயம் இருக்கிறது.

1978இல் கரோல் வோய்தீவா இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் போப் ஆனார். 1987 செப்டம்பரில் சான் அன்டோனியோ வந்த அவர், வட்டாரத்துப் போலந்துச் சமூகத்தைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். 1989இல் கம்யூனிச ஆட்சி முடிந்ததும் போக்குவரத்து எளிதானது. டெக்சஸ் குடும்பங்கள் குழுவாக ப்ளுஷ்னிட்சாவுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேடுகளில் தங்கள் குடும்பப் பெயரைக் கண்டார்கள். அந்தக் கிராமம் 1945 வரை ஜெர்மனியில்தான் இருந்தது. 1918இல் போலந்து மீண்டும் நாடானபோதுகூட அதில் சேரவில்லை. முன்னோர் ஒரு நாளும் போலந்து அரசின் கீழ் வாழாத ஊரை, பேரப்பிள்ளைகள் போலந்தில் போய்ப் பார்த்தார்கள்.

ஊர் வட்டாரத்திலேயே பிறந்து ஆயராக உயர்ந்த ஜான் யான்டா, இந்த வரலாற்றுக்கென்று ஒரு பெரிய இடம் வேண்டும் என்று பல வருடம் உழைத்தார். பன்னா மரியாவில் போலந்து மரபு மையம் 2021இல் திறக்கப்பட்டது. கப்பல் பயணம், வம்சாவளி ஆராய்ச்சி, பழைய பொருள்கள் எல்லாம் அங்கே உண்டு. அடுத்த வருடம் யான்டா காலமானார்.

போலந்துக்காரர்களா, சிலேசியர்களா?

மறுமலர்ச்சி என்றால் எதை மீட்பது என்று யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டும். அமெரிக்கப் போலோனியா விழாக்களில் பெரும்பாலும் கிராகோவ் வட்டாரத்து உடையையும் நடனத்தையும்தான் பார்க்கலாம், ஆடுபவரின் முன்னோர் எந்த வட்டாரமாக இருந்தாலும். பொதுப் போலந்து அடையாளம் முன்னே வரும்போது வட்டாரத் தனித்தன்மை பின்னே போகிறது. பன்னா மரியாவில் இது பேச்சைத் தொட்டது. போலந்திலிருந்து வந்த படித்தவர்களின் மொழியைக் கேட்ட முதியவர்கள், அது வார்சா பேச்சு, நம்முடையது கொச்சை என்று கூசினார்கள். அந்தக் கொச்சைதான் சிலேசியாவிலேயே காணக் கிடைக்காத பழைய பேச்சு என்று மொழியியலாளர்கள் சொன்னபோது, பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களாகிவிட்டிருந்தார்கள்.

இப்போது சிலேசியாவிலேயே ஒரு மறுமலர்ச்சி நடக்கிறது. 2021 போலந்துக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் தங்களைச் சிலேசியர் என்று பதிவு செய்தார்கள். 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் சிலேசியப் பேச்சைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதை வட்டார மொழியாக அங்கீகரிக்கும் சட்டத்தை 2024 ஏப்ரலில் நாடாளுமன்றக் கீழவை நிறைவேற்றியது. மே மாதம் அதிபர் ஆன்ட்ஷெய் டூடா அதைத் தடுத்துவிட்டார். தனி மொழியா, போலிஷின் கிளைவழக்கா என்ற வாதம் சூடாகவே இருக்கிறது. அந்த வாதத்தில் டெக்சஸ் பேச்சும் ஒரு சான்று. ஜெர்மன் நெருக்கடிக்கு முந்திய சிலேசியம் எப்படி ஒலித்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று பன்னா மரியா இருக்கும் கார்ன்ஸ் மாவட்டத்து விவசாயி வீட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மையம் கட்டியாகிவிட்டது. கல்லறைகளுக்கும் குடும்ப வரலாறுகளுக்கும் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மிச்சமிருக்கும் பணமும் நேரமும் போக வேண்டிய இடம் அந்தப் பேச்சுதான். சமையல், மாடு, வறட்சி, சண்டை என்று எதைப்பற்றியாவது அந்த முதியவர்களை அவர்கள் போக்கில் மணிக்கணக்கில் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை அவர்கள் இருக்கும்போதுதான் செய்ய முடியும்.